கட்டத்துக்குள் ஒரு ஈ

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று கடிதம் பிரிக்கும் அறையில் யாரோ சொல்லப்போக, அது தேய்ந்து ‘சக்கரம்’ ஆனது. பின்னால் வந்தவர்கள் மரியாதைக்கு ஒரு அம்மாவைச் சேர்த்துச் சக்கரம்மா ஆக்கினார்கள். அந்தத் தபால்காரி கடிதம் கொண்டுபோகும் தெருக்களுக்கு அலுவலகத்தில் பீட் என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு ஒரே பீட்தான்: ஏழு தெருக்கள், பதினோரு மாடிப்படிகள், லிஃப்ட் உள்ள கட்டிடம் ஒன்றே ஒன்று. அந்த லிஃப்டும் மாதத்தில் பாதி நாள் படுத்திருக்கும்.

அப்படிப்பட்டவள் ஒரே மழைக்காலத்தில் மூன்று தடவை விழுந்தாள்.

முதல் தடவை பேக்கரியின் பின்பக்கப் படியில். யாரும் பார்க்கவில்லை, தட்டிவிட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். இரண்டாவது பள்ளிக்கூட வாசலில். பிள்ளைகளை விட வந்த அம்மாக்கள் தூக்கிவிட்டு, தண்ணீர் கொடுத்து, மானத்தை வாங்கினார்கள். மூன்றாவது நாலு மாடிக் கட்டிடத்தில், இரண்டாம் மாடித் திருப்பத்தில். அவள் கையிலிருந்த பதிவுத் தபால் பறந்துபோய்க் கீழே சாக்கடையில் விழுந்தது. உள்ளே இருந்தது யாருடைய சான்றிதழோ. புகார் எழுத்தில் வந்தது. எழுத்தில் வந்துவிட்டால் அலுவலகத்தில் எதுவும் தானாகக் கரைந்துபோகாது.

அலுவலகத்துக்குப் பொறுப்பான சூப்பிரண்டு கெட்டவர் இல்லை. அவர் வருவதை அவருடைய ஷூ முன்கூட்டியே சொல்லிவிடும். குதிகால் கழன்று கழன்று தரையில் அடித்து ‘டப், டப்’ என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கும். அரட்டையை நிறுத்திவிட்டுக் குனிந்து வேலை செய்வதாகக் காட்டிக்கொள்ள அந்தச் சத்தம் எல்லோருக்கும் பேருதவி. அன்றைக்கும் டப், டப் என்று வந்து அவள் மேசை எதிரில் நின்றார்.

“சக்கரம்மா, உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஆனா நாலாவது தடவை விழுந்து கை கால் ஒடிஞ்சா நான்தான் பதில் சொல்லணும். அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை, முழுப் பையோட நாலு மாடி ஏறி இறங்கிக் காட்டுங்க. தடுக்கினா பீட்டை வேற ஆளுக்குக் கொடுத்துட்டு உங்களை உள்ள மேசைக்கு மாத்திடுவேன்.”

உள்மேசை என்பது ஜன்னல் இல்லாத அறையில் நாள் முழுக்கக் கடிதம் பிரிக்கிற வேலை. “உட்கார்ந்த இடத்துல வேலை. கசக்குதா?” என்று கேட்டார்கள் கூட வேலை செய்தவர்கள். கசக்கத்தான் செய்தது. மூன்றாம் தெரு முனை வீட்டு நாய் ஊரையே குரைத்து விரட்டும், அவளை மட்டும் விடும். ஐந்தாம் தெருவில் கண் தெரியாத பியானோ வாத்தியார் அவள் கால் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து, “இன்னைக்கு என்ன கொண்டாந்தீங்க?” என்பார். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மேசையில் போய் உட்காருவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. அதைவிடப் பயமாக இருந்தது இன்னொன்று. கண் டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்றார். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் ஒழுங்கு. அப்படியென்றால் கால்தான் கைவிடுகிறது. ஐம்பத்தொரு வயதில் கால் கைவிட்டால் மிச்ச ஆயுளை எப்படி ஓட்டுவது என்று அவள் யாரிடமும் சொல்லாமல் கலங்கினாள்.

கால் விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பழகிப்போன ஒன்று. சின்ன வயதில் அண்ணன்மார் இருவரும் அவளை வாத்து என்றே கூப்பிட்டார்கள். விரல் பக்கம் அகன்று, குதிகால் பக்கம் ஒடுங்கிய கால். எந்தக் கடைக்குப் போனாலும் அவளுடைய நம்பர் பக்கவாட்டில் கடிக்கும். “பிடிக்குதாம்மா?” என்று கடைக்காரர் கேட்டால், கால் அகலம் என்று சொல்ல வெட்கப்பட்டு, “ஒரு நம்பர் பெரிசு குடுங்க” என்பாள். அதுவும் கடித்தால் இன்னொரு நம்பர். அலுவலகம் வருஷத்துக்கு ஒரு ஜோடி கொடுக்கும் கறுப்பு ஷூவுக்கும் அதே வழி. விண்ணப்பத்தில் எட்டு என்று எழுதுவாள். முன்னால் காலியாகக் கிடக்கும் இடத்தில், விலாசத்தில் ஆளில்லாமல் திரும்பிவந்த விளம்பரத் தாள்களை மடித்துத் திணித்துக்கொள்வாள். இருபது வருஷமாக இதுதான் நடைமுறை. வேலை நேரத்தில் சொந்த ஷூ போடவும் கூடாது. போட்டு விழுந்தால் வைத்தியச் செலவு கிடையாது என்று விதி.

அவளுடைய பீட்டில், நாலாம் தெருவில் ஒரு ஷூ கடை. அதில் கால் அளந்து கொடுக்கும் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வாய் மட்டும் அறுபது வயதுக்கு இருக்கும். சூப்பிரண்டு கெடு வைத்த மூன்றாம் நாள், அந்தக் கடைக்கு ஒரு பார்சலைக் கொண்டுபோன சக்கரம், வாசலில் இருந்த ஒற்றைப் படியில் தடுக்கினாள். அளவுக்காரப் பெண் பாய்ந்து வந்து பிடித்திருக்காவிட்டால் நாலாவது தடவை அங்கேயே விழுந்திருப்பாள்.

“அக்கா, இது யாரோட ஷூ?”

“என்னோடதுதான்.”

“உங்க கால் முடியற இடத்துக்கும் ஷூ முடியற இடத்துக்கும் நடுவுல ஒரு பஸ்ஸே போகலாம் போலிருக்கே! உட்காருங்க முதல்ல.”

ஷூவைக் கழற்றி உள்ளே விரலை விட்டு அவள் இழுத்தாள். ‘பாதி விலையில் மெத்தை’ வந்தது. பின்னாலேயே ‘முடி கொட்டுகிறதா?’ வந்தது. சக்கரத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அளவுக்காரப் பெண் சிரிக்கவில்லை. அதற்கே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம். அளக்கிற பலகையைக் கொண்டுவந்து வைத்தாள். குதிகாலைப் பொருத்த ஒரு குழிவு, விரல் நுனிக்கு ஒரு கோடு, பக்கவாட்டில் நகரும் ஒரு பட்டை.

“எழுந்து நில்லுங்க. உட்கார்ந்த காலை அளக்கக் கூடாது. பாரம் ஏறினாத்தான் கால் தன்னோட உண்மையான அகலத்தைச் சொல்லும்.”

இரண்டு காலையும் அளந்தாள். இடது கால் ஒரு நூல் பெரிது. நீளம் இருநூற்று நாற்பத்தாறு மில்லிமீட்டர். பெருவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் குறுக்கே நூற்று மூன்று.

“உங்க நம்பர் ஆறு, அக்கா. எட்டு இல்லை. அகலம் டபுள் ஈ.”

“ரெண்டு ஈயா?”

“ஆமா. இந்தப் பலகையில இருக்கறது அமெரிக்க எழுத்து. ஆம்பளை ஷூவுக்கு அவங்க கணக்குல டி சாதாரணம். அதுக்கு மேல ஈ, ரெண்டு ஈ, மூணு ஈன்னு அகலமாகிட்டே போகும். உங்க ஆபீஸ்ல பொம்பளைங்களுக்கும் ஆம்பளை ஷூதான் குடுக்கறாங்க, அதனால அந்தக் கணக்குல சொல்றேன்.”

“அவ்வளவு அகலமா என் கால்?” குரல் தானாகத் தாழ்ந்தது.

“அகலம்னு தனியா ஒண்ணு கிடையாதுக்கா. நீளத்தோட சேர்த்துத்தான் பேசணும். இதே நூத்திமூணு, ஒன்பதாம் நம்பர் காலுக்கு ஏறக்குறைய சாதாரணம். ஆறாம் நம்பர் காலுக்கு ரெண்டு ஈ. ரெண்டு நம்பர் ஏத்தினா நீளம் பதினேழு மில்லிமீட்டர் கூடும், அகலம் நாலஞ்சு கூடினாலே பெரிசு. நீங்க கேட்டது அகலம், கடையில குடுத்தது நீளம். அந்த நீளம்தான் படியில மாட்டுது. கால் ஒண்ணும் கெட்டுப்போகலை.”

கால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. டாக்டர்கள் சொல்லாத அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியதைப் பார்சல் ரசீதில் கையெழுத்து வாங்குகிற சாக்கில் மறைத்தாள். பெண் ஒரு துண்டுச் சீட்டில் ‘6, EE’ என்று எழுதிக் கொடுத்தாள்.

அலுவலகத்தில் சீருடை விண்ணப்பங்களைப் பார்த்துக்கொள்பவருக்குப் பட்டப்பெயர் கட்டம். எதையும் கட்டத்துக்குள் எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. கோட்டைத் தாண்டி ஒரு புள்ளி விழுந்தாலும் புதுப் படிவம் எடுக்கச் சொல்லிவிடுவார். அந்தப் படிவத்தில் ‘அகலம்’ என்று ஒரு கட்டம் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. யாருமே அதை நிரப்பியதில்லை. அதில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம்.

“அண்ணே, இதுல ரெண்டு ஈ போடணும்.”

கட்டம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “ஒரு எழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்காங்கம்மா.”

“நெருக்கி எழுதுங்களேன்.”

“கோட்டைத் தொடும்.” யோசித்துவிட்டு ஒரு E மட்டும் எழுதினார். “ஒரு ஈயை ஓட்டிட்டேன். ஒண்ணு இருந்தாலும் அகலம்தானே? இல்லாததுக்கு இது மேல்.” தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். ஒன்றாவது கிடைக்கிறதே என்று இருந்தது.

புது ஜோடி சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய், கணவர் எதிரிலேயே பெட்டியைத் திறந்தாள். அவர் தையல்காரர். கால்சட்டை ஒன்றுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். இடது காலை நுழைத்தாள். பாதி வழியில் நின்றது. தள்ளினாள். சுண்டுவிரல் மடங்கிக்கொண்டு உயிர் போனது.

“நான் அந்தக் காலத்துலேர்ந்து போட்ட ஷூவிலேயே இதுதாங்க ரொம்பக் குறுகல்” என்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அகலம்னு எழுதிக் குடுத்தா ஒடுக்கி அனுப்பியிருக்காங்க. நாளன்னைக்குப் பழசையே போட்டுட்டுப் போறேன். தடுக்கினா தடுக்கட்டும்.”

அவர் தையல் இயந்திரத்தை நிறுத்தினார். “இத்தனை வருஷமா எட்டாம் நம்பர் போட்டது அகலத்துக்காகவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? தோள் பத்தலைன்னு ஒருத்தர் வந்தா, நான் சட்டைக் கையை நீட்டி வெட்டியா குடுக்கறேன்?”

துணிக்கு அளவு மாதிரி வெட்டும் காகிதத்தை அவர் தரையில் விரித்தார். “ஏறி நில்லு.” பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இடது காலைச் சுற்றி வரைந்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் காலை அவர் இவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். “நல்ல கால்தான்” என்றார், கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே. “இவ்வளவு நடக்கிறவளுக்குத் தரையை அமுக்கிப் பிடிக்க இப்படித்தான் இருக்கணும்.” அவருக்கு அதற்கு மேல் பேசத் தெரியாது. அவளுக்கும் அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வேலைக்கு நடுவே ஷூ கடையில் அந்தப் பெட்டியை வைத்தாள். அளவுக்காரப் பெண் ஷூவின் நாக்குப் பட்டையைப் புரட்டி உள்ளே அச்சடித்திருந்ததைப் படித்தாள். முகம் செத்துப்போய்விட்டது.

“அக்கா, தப்பு என்னோடது. இந்தக் கம்பெனி பிரிட்டிஷ் கணக்கு. நம்பர்ல அவங்களுக்கும் அமெரிக்கக் கணக்குக்கும் ஒண்ணு வித்தியாசம், அதை மாத்தி ஆறுன்னு எழுதிட்டேன். எழுத்தை மாத்த மறந்துட்டேன். இந்தக் கம்பெனி அட்டவணையில ஆம்பளை ஷூவுக்கு ஜி சாதாரணம், ஈ ஒல்லி. உங்களுக்கு ஹெச் போட்டிருக்கணும்.”

“ஹெச் ஒத்தை எழுத்துதானே? கட்டத்துல ஜோரா உட்கார்ந்திருக்கும்” என்றாள் சக்கரம். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “ஒரே ஈ. ஒரு ஊர்ல குண்டு, இன்னொரு ஊர்ல ஒல்லி. எந்த மகராசன் வச்ச எழுத்தோ!”

“எழுத்தே வேண்டாம்.” பெண் புதுச் சீட்டு எடுத்தாள். “ராணுவ பூட்ஸுக்கெல்லாம் நேரா மில்லிமீட்டர்லயே போடற முறை ஒண்ணு இருக்கு. காலோட நீளம், காலோட அகலம், அவ்வளவுதான். மில்லிமீட்டர் எல்லா ஊர்லயும் மில்லிமீட்டர்தான்.” 246/103 என்று எழுதினாள். “நாளைக்கு என்னக்கா பண்ணுவீங்க?”

“தெரியலை” என்றாள் சக்கரம். உண்மையாகவே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். பை தயாராக நிரப்பி வைக்கப்பட்டிருந்தது. டப், டப். சூப்பிரண்டு வந்தார்.

“போகலாமா?”

சக்கரம் பையைத் தூக்கவில்லை. புது ஷூவை மேசை மேல் கவிழ்த்து வைத்து, அதன் அடிப்பாகத்தின் மேல் கணவர் வெட்டிக் கொடுத்த காகிதத்தை வைத்தாள். இரண்டு பக்கமும் காகிதம் அரை விரற்கடை அளவு வெளியே தொங்கியது.

“என்ன இது?”

“என் கால், சார். கீழ இருக்கறது எனக்குன்னு வந்த ஷூ.” பழைய ஷூவைக் கழற்றி, உள்ளிருந்த மடிப்புத் தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். “இது நான் போட்டு விழுந்த ஷூ. என் நம்பர் ஆறு. அகலம் பத்தாம எட்டு போட்டுட்டிருக்கேன். தப்பு என்னோடதும்தான், இத்தனை வருஷமா வாயைத் திறக்கலை. கால் சரியா இருக்கு சார். காலுக்கு ஏத்த ஷூவுல ஒரு தடவை நடக்கவிட்டுப் பாருங்க. அதுலயும் தடுக்கினா நானே போய் மேசையில உட்காந்துக்கறேன்.”

சூப்பிரண்டுக்குச் சங்கடமாக இருந்தது. “ஷூவுல பேப்பர் வைக்கறது ஒரு காரணமாம்மா? எல்லாரும்தான் வைக்கறாங்க” என்று சொல்லிவிட்டார்.

கூடத்தில் எல்லோரும் அவருடைய ஷூவைப் பார்த்தார்கள்.

“எல்லாரும்னா யார் யார் சார்?” என்று கேட்டவர் கட்டம். அவருக்கு எதையும் விவரமாக எழுதிக்கொண்டே பழக்கம்.

சூப்பிரண்டு, எதிர்பாராத விதமாக, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் வலது ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து வந்தது விளம்பரத் தாள் இல்லை. அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பிய பழைய சுற்றறிக்கை, நாலாக மடித்தது. முதலில் சிரித்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். பார்சல் பிரிவுக்காரர் குனிந்து ஷூவை அவிழ்த்தார், பஞ்சு வந்தது. மூலையில் இருந்தவரிடமிருந்து காலுறை ஒன்றின் பாதி வந்தது. இருபத்து மூன்று பேரில் பதினான்கு பேர் எதையோ திணித்துக்கொண்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் அதைத் தங்கள் காலின் குறை என்றே நினைத்திருந்தார்கள். சக்கரத்துக்கு அண்ணன்மார் ஞாபகம் வந்தது. அந்த இரண்டு பேரின் காலையும் யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்று யோசித்தாள்.

சோதனை ஒரு மாதம் தள்ளிப்போனது. அடுத்த புதன்கிழமை மத்தியானம், கால் ஓரளவு வீங்கியிருக்கும் நேரம் பார்த்து, சூப்பிரண்டு கூப்பிட்டனுப்பிய அளவுக்காரப் பெண் பலகையோடு வந்தாள். எல்லோரும் வரிசையாக ஏறி நின்றார்கள். கட்டம் படிவங்களை வைத்துக்கொண்டு பேனாவும் கையுமாகத் தவித்தார். மூன்று இலக்கம், ஒரு சாய்கோடு, இன்னும் மூன்று இலக்கம். எந்தப் பக்கம் நெருக்கினாலும் கட்டத்துக்குள் அடங்காது.

“வெளியில எழுதுங்கண்ணே, வானம் இடிஞ்சு விழாது” என்றாள் சக்கரம்.

பேனா சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு கட்டம் தன் வாழ்நாளில் முதல் தடவையாக, கோட்டுக்கு வெளியே, ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். “சொல்லுங்கம்மா. நீளம்?”

“இருநூத்தி நாப்பத்தாறு.”

“அகலம்?”

கூடம் நிறைய ஆட்கள். வாத்து என்ற சொல் எங்கோ தூரத்தில் கேட்டு அடங்கியது. “நூத்திமூணு” என்றாள், கடைசி மேசைக்கும் கேட்கிற மாதிரி.

புது ஷூ வந்தது. விரல்கள் உள்ளே விரிந்து உட்கார்ந்தன, குதிகால் அசையவில்லை. நுனியில் அவளுக்கென்று வேண்டிய இடம் மட்டும் இருந்தது, விளம்பரத்துக்கு இடம் இல்லை. சோதனை நாளில் அதே நாலு மாடிக் கட்டிடம். சூப்பிரண்டு கீழே நின்று, “நீங்க போய்க்கிட்டே இருங்க, நான் பார்த்துக்கறேன்” என்றார்.

முழுப் பையோடு ஏறினாள். இரண்டாம் மாடித் திருப்பம் வந்தது. கைப்பிடியைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டாள். படி, படியாகவே இருந்தது. கால் அதன் மேல் முழுசாகப் பதிந்தது. மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக் கதவின் அடியில் கடிதத்தைத் தள்ளினாள். நாலாம் மாடியில் இரண்டு கடிதம், ஒரு பத்திரிகை. கொடுத்து முடித்து, இறங்கத் திரும்பினாள். கீழே நிற்கிற சூப்பிரண்டு இத்தனை தூரத்திலிருந்து எதைப் பார்த்துச் சோதிப்பார் என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அவர் அவளுக்கு மூன்று படி பின்னால் நின்றிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“எப்ப சார் ஏறி வந்தீங்க?”

“முதல் மாடியிலேர்ந்தே பின்னாலதான் வர்றேன்.”

அவள் அவருடைய காலைப் பார்த்தாள். அவரும் புது ஜோடிதான். நாலு மாடி ஏறி வந்திருக்கிறார். அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

“பையை எடுத்துட்டுக் கிளம்புங்க சக்கரம்மா” என்றார் அவர், கைப்பிடியில் சாய்ந்துகொண்டு. “ஐந்தாம் தெரு பியானோ வாத்தியார் காலையில போன் பண்ணினார். தபால்காரம்மா நடை மாறிப்போச்சே, ஆள் மாறிட்டாங்களான்னு கேட்டார். அதே ஆள்தான், இனிமேலும் அவங்கதான்னு சொல்லிட்டேன்.”